தாவணியை வீசும் பெண்

அன்று நடந்ததை நடந்த வரிசையில் முதலில் எழுதிவிடுகிறேன்.

1. மலையில் மழை பெய்தது. தென்காசியில் நல்ல வெயில்.

2. மத்தியான மணி அடித்ததும், சிற்றாற்றில் புதுத் தண்ணீர் வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஆறு பேர் பார்க்கப் போனார்கள். ஐந்து பேர் எட்டாம் வகுப்பு. ஒருத்தி நாலாம் வகுப்பு. அவர்கள் பின்னாலேயே ஓடினவள்.

3. சின்னவள் சோற்றுத் தூக்கைக் கழுவப் படித்துறையின் கடைசிப் படியில் குனிந்தாள். தூக்கு கைநழுவிப் போயிற்று.

4. அதைப் பிடிக்க அடுத்த படியில் கால் வைத்தாள். அடுத்த படி இல்லை. போன வருஷத்து வெள்ளத்தில் பெயர்ந்துபோன இடம் அது, அங்கே கசம். ஆறு திடீரென்று ஆழமாகிற குழியை எங்கள் பக்கத்தில் கசம் என்போம்.

5. தண்ணீர் அவளைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பாறையில் சாய்த்தது. பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

6. ஐந்து பேரும் படியில் நின்று கை நீட்டினார்கள். எட்டவில்லை.

7. மூன்று பேர் ஆண்பிள்ளை யாரையாவது கூட்டிவர ஓடினார்கள். இரண்டு பேர் நின்று அழுதார்கள்.

8. ஆள் வந்தபோது பாறை மட்டும் இருந்தது.

9. மறுநாள் காலை, கீழே இருக்கும் அணைக்கட்டின் ஓரத்தில் எடுத்தார்கள். அவளுக்கு வயது ஒன்பது.

10. ஐந்து பேர் தோளிலும் தாவணி இருந்தது.

பத்தாவதை நான்தான் சேர்த்தேன். ஊரில் யாரும் அதைச் சொல்லவில்லை. விதி என்றார்கள். ஆறு காவு கேட்டது என்றார்கள். பிள்ளைகளை வெளியே விட்டது பள்ளிக்கூடத்தின் குற்றம் என்றார்கள். அது சரியான பேச்சுத்தான், அதற்குப் பிறகு மத்தியானம் வாசல் கதவை அடைத்துவைக்கிறோம். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் எல்லா நாளும் பள்ளிக்கூடக் கதவுக்குள் இருப்பதில்லை. தண்ணீர் எடுக்க, துணி துவைக்க, பாத்திரம் விளக்க ஆற்றுக்குப் போகிறவர்கள் அவர்கள்தான்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். சென்னையில் தங்கிப் படித்து அரசாங்கத்துச் சித்திரப் பரீட்சைகளில் தேறியவள். கோணம், அளவு, நிழல், உருவம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். வேலை மட்டும் தற்காலிகம். எனக்குத் தெரிந்த ஒரே துக்கம் விசாரிக்கும் முறை அளந்து பார்ப்பது. தண்ணீர் வடிந்த பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். கடைசிப் படியிலிருந்து பாறைக்கு நாலரை முழம். ஒரு தாவணியின் நீளம் ஆறு முழம். படித்துறையிலிருந்து முதல் வீட்டுக்குக் காலடி எண்ணிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. போவதற்கு அவ்வளவு, திரும்பி வர அவ்வளவு.

அந்த மூன்று எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி என் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன்.

பத்து நாள் கழித்து ஹெல்த் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். குற்றாலத்தில் சாரல் காலம். வெளியூர்க் கூட்டம் வந்து இறங்குகிற நேரம். தண்ணீரில் பிள்ளைகள் போகாமல் இருக்க ஒரு சுவர்ப்படம் போடும்படி மேலேயிருந்து சொல்லியிருக்கிறார்கள், படம் வரைய ஆள் வேண்டும் என்றார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"பாத்ததும் பிள்ளைகளுக்கு ஒரு பயம் வரணும் டீச்சர்" என்றார் இன்ஸ்பெக்டர். "ராத்திரி தூக்கத்துல தூக்கிப்போடணும். அப்படி வரைங்க."

அப்படித்தான் வரைந்தேன். ஆறு கட்டம். ஆறிலும் செய்யக் கூடாத காரியங்கள். பாறைமேலிருந்து பாய்கிற பையன், மதகின் வாயில் நீந்துகிறவன், கிணற்றுச் சுவரில் நடக்கிறவள், இந்த மாதிரி. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் சிவப்பு மையால் பெரிய பெருக்கல் குறி. பாய்கிற பையனின் முதுகு வளைவு எனக்கே பெருமையாக இருந்தது. உடம்பு முழுக்க ஒரே கோட்டில் வந்திருந்தது.

படத்தை இரண்டாம் வகுப்பில் மாட்டி, ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏட்டி, எப்பிடிப் பாயுதான் பாரு!"

"எங்க அண்ணன் இதவிட ஒசரத்துல இருந்து பாய்வான். தலைகீழா!"

"கிணத்துச் செவுத்துல நடக்காளே, அவ எங்க சித்தி மாதிரியே இருக்கா."

பெருக்கல் குறியைக் காட்டி, அது என்ன என்று கேட்டேன். பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு சிறுமி எழுந்து விளக்கினாள்.

"அது பழம் எடுத்த கட்டம் டீச்சர். பாண்டியில போடுவோம்லா? நாம கெலிச்ச கட்டம். அங்கன ரெண்டு காலும் ஊணி நிக்கலாம். ஒண்ணும் ஆவாது."

நான் பாண்டி விளையாடிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தரையில் கட்டம் கிழித்து, சில்லுப் போட்டு, நொண்டியடித்து, ஜெயித்த கட்டத்தில் குறுக்கே இரண்டு கோடு கிழித்து இளைப்பாறி நின்றதெல்லாம் மறந்துபோயிருந்தது. கசத்தின் மேலும் மதகின் மேலும் இளைப்பாறலாம் என்று ஆறு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் வைத்திருந்தால் இந்தத் தவறு தெரிந்திருக்காது; பெரியவர்கள் மரியாதைக்குத் தலையாட்டியிருப்பார்கள்.

படத்தைக் கழற்றினேன். பயமுறுத்துவதற்காக வரைந்தது ஆசைகாட்டியது, அது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. செய்யாதே என்று ஆறு கட்டம் இருந்தது. செய் என்று ஒரு கட்டம்கூட இல்லை. அந்த ஐந்து பெண்களும் செய்யக் கூடாததை ஒன்றும் செய்யவில்லையே. அவர்களுக்குச் செய்வதற்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

அவர்களைச் சித்திர வகுப்பு முடிந்ததும் இருக்கச் சொன்னேன். சம்பவத்துக்குப் பிறகு அவர்கள் மற்ற பிள்ளைகளுடன் சேருவதில்லை; ஐந்து பேரும் ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள். நான் கோபிக்கப்போவதில்லை, அளவு மட்டும் கேட்கிறேன் என்று சொன்னேன்.

"கைய நீட்டினோம் டீச்சர். எட்டல" என்றாள் ஐவரில் உயரமானவள். அதை அவள் நூறு பேரிடம் சொல்லியிருப்பாள்.

"தாவணிய வீசியிருந்தா எட்டியிருக்குமா?"

அவள் கை தானாகத் தோளுக்குப் போய்த் துணியைப் பிடித்தது. அவள் மட்டுமல்ல, ஐந்து பேரும். ஓடும்போதுகூட ஒரு கையால் தோள்துணியைப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும் என்று பழக்கப்பட்ட பிள்ளைகள். அன்று ஆளைக் கூப்பிட ஓடின மூவரும் அப்படித்தான் ஓடியிருப்பார்கள்.

"அத எப்பிடி டீச்சர் எடுக்கது?" என்றாள் உயரமானவள். "ரோட்டுல ஆளுவ போவாவல்லா."

அதற்குப் பதிலை எனக்கு வரையத் தெரியும்.

தலைமையாசிரியையிடம் கேட்டு, ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கும் கசத்தில் இடுப்பளவுக்கும் இறங்கிய ஒரு சனிக்கிழமை, ஐவரையும் கூட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனேன். பழைய தாவணிகள் நாலைந்து, ஒரு வாழைத்தண்டு. வாழைத்தண்டைப் பாறையில் சாத்திவைத்து, அதுதான் விழுந்தவள் என்று வைத்துக்கொண்டோம். காய்ந்த தாவணி பறக்கவே இல்லை. காற்றில் விரிந்து எங்கள் காலடியிலேயே விழுந்தது. முனையில் முடிச்சுப் போட்டு வீசினால் பாதி தூரம் போயிற்று. முடிச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்து வீசினால், கல் மாதிரி நேரே போய் வாழைத்தண்டின் மேல் விழுந்தது. மூன்று விஷயம் கிடைத்தது.

நாலாவது, இழுத்துப் பார்க்கும்போது கிடைத்தது. பாறைப் பக்கம் ஒருத்தியை நிறுத்தி, மறுமுனையைப் பலங்கொண்ட மட்டும் இழு என்றேன். நான் படியில் நின்று இழுத்தேன். அவள் ஒரு வெட்டு வெட்டி இழுத்ததில், அரசாங்கச் சான்றிதழ் பெற்ற டிராயிங் டீச்சர் முகம் குப்புறத் தண்ணீரில் விழுந்தாள்.

சம்பவத்துக்குப் பிறகு அந்த ஐவரும் சிரித்தது அன்றுதான்.

"டீச்சர், மொதல்ல நீங்க உக்காருங்க!" என்று கத்தினாள் உயரமானவள். "உக்காந்துகிட்டுக் காலப் படியில முட்டுக்குடுத்து இழுங்க. உலக்கைய வச்சு நெம்புனாக்கூட அசைய மாட்டிய!"

உட்கார்ந்து இழுத்தேன். வாழைத்தண்டு வந்தது; பாறைப் பக்கம் நின்றவளும் வந்தாள்.

முடிச்சிடு, நனை, வீசு, உட்கார், இழு. ஐந்து கட்டம். அன்று மாலையே கோடுபோட்டேன். எல்லாக் கட்டத்திலும் ஒரே பெண், பதின்மூன்று வயது இருக்கும். பாவாடை, முழங்கை வரை மூடிய சட்டை. தாவணி முதல் கட்டத்தில் தோளிலிருந்து கைக்கு வருகிறது. கடைசிக் கட்டத்தில் அதைப் பற்றிக்கொண்டு இன்னொரு சின்னப் பெண் படியேறுகிறாள். சின்னவளின் சடையில் சிவப்பு ரிப்பன். படத்தை இரண்டாம் வகுப்பில் மாட்டினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாம் நாள் இடைவேளையில் இரண்டு சிறுமிகள், ஒருத்தி தரையில் படுத்துக்கொள்ள, மற்றவள் பைத்துணியில் முடிச்சுப் போட்டு வீசி உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். படம் வேலை செய்கிறது என்பதற்கு வேறு பரீட்சை வேண்டாம்.

படத்தை அச்சுக்கு அனுப்புமுன் சாரல் காலச் சுகாதாரக் குழுவுக்குக் காட்ட வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். குழுத் தலைவர் பெரிய நிலக்காரர்; எங்கள் பள்ளிக்கூட நிர்வாகத்திலும் அவருக்கு நாற்காலி உண்டு. சாரல் காலம் முழுவதும் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்குவார். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. கரியைப் புகைத்து ஓடுகிற கரிவாயு பஸ்ஸில் தலைமையாசிரியையும் நானும் ஏறி, அது நின்றுபோன இரண்டு இடத்தில் இறங்கி நின்று, பேரருவிக்குப் போகிற பாதையில் இருந்த அந்த பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் எண்ணெய் தேய்த்த உடம்புகள். கோவணத்தோடு ஆண்கள், ஒட்டிய ஈரச் சேலையோடு பெண்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அருவி அப்படிப்பட்ட இடம்.

இன்ஸ்பெக்டர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். தலைவர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். இடுப்பில் ஒரு ஈரத் துண்டு. மேலே ஒன்றும் இல்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படத்தை வாங்கி விரித்தார். முழங்கால் வரை எண்ணெய் மினுங்கியது.

"கை நல்ல கைதான்" என்றார். "ஆனா ஏம்மா, இந்தப் பிள்ளைக்கு மேல துணி எங்க?"

"கையில இருக்கு, ஐயா."

இன்ஸ்பெக்டர் இருமினார்.

"அதத்தான் கேக்கேன். கையில எதுக்கு இருக்கு?"

"தண்ணிக்குள்ள கெடக்கவளுக்கு, ஐயா."

"அதெல்லாம் சரி. ஒரு பையன வரைஞ்சிரு. தோள்ல ஒரு துண்டப் போடு. துண்ட வீசட்டும். காரியம் முடிஞ்சுது."

"அங்க பையன் இல்ல ஐயா. படித்துறையில இருந்தது ஆறும் பொண்ணு."

"படத்துலதானே வரையப்போறே? படத்துல வரவச்சா வாரான்!"

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பேச்சு, நானும் சிரித்தேன். பிறகு சொன்னேன்.

"படத்துல பையன் வந்தா, நெசத்துலயும் பையன் வரட்டும்னு பிள்ளைக காத்து நிக்கும் ஐயா. அன்னிக்கு அப்படித்தான் நின்னுச்சு. போக நானூத்துப் பன்னெண்டு எட்டு, வர நானூத்துப் பன்னெண்டு எட்டு. நான் ஓடிப் பாத்தேன்."

"வயசுக்கு வந்த பிள்ளைய இப்பிடி நாலு பேர் பாக்க நிறுத்துனா ஊரு என்ன சொல்லும்? நம்ம பக்கத்துல மானம்னு ஒண்ணு இருக்குல்லா."

நான் அவர் துண்டைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க நான் எடுத்துக்கொண்ட சிரமம் அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். தலைமையாசிரியை தரையைப் பார்த்தார். தலைவர் நாற்காலிக் கையில் கிடந்த இன்னொரு துண்டை எடுத்து மெள்ளத் தோளில் போர்த்திக்கொண்டார்.

"சரி, ஊர விடு. பெத்தவ பாத்தா என்ன நெனைப்பா? அவ மனசு என்ன பாடுபடும்? மாத்திக் குடுத்துரு."

"மாத்த மாட்டேன் ஐயா."

அதுவரை அதிகாரத்தில் இருந்த யாரிடமும் நான் சொல்லியிராத சொல். சொன்ன பிறகு அது அப்படியொன்றும் கனமாக இல்லை.

"நீ மாத்தலன்னா அச்சுக்காரன் மாத்துவான்" என்றார் அவர், கோபமே இல்லாமல். "உனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆவல, இல்ல?"

"ஆவல, ஐயா."

"ஞாபகம் இருக்குல்லா?"

"இருக்கு, ஐயா."

திரும்பும்போது தலைமையாசிரியை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அந்தப் பள்ளிக்கூடத்தைக் கையால் கட்டி எழுப்பியவர். இலஞ்சி தாண்டியதும் சொன்னார்: "ஏட்டி, உனக்கு இந்த வாய் எங்கன இருந்து வந்துச்சு?" பிறகு, "அந்த ரெண்டாவது துண்ட எடுத்துப் போட்டாரு பாரு" என்று சொல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கரிவாயு பஸ் மறுபடி நின்றபோதும் நாங்கள் சிரித்து முடித்திருக்கவில்லை.

ஆனால் தலைவர் சொன்னதில் ஒன்று மட்டும் என்னைக் குத்திக்கொண்டிருந்தது. பெற்றவளை நான் கேட்கவில்லை. மறுநாள் மாலை, குத்துக்கல்வலசைக்குப் போகிற பாதையில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் நெல் அவிக்கிற வேலை செய்கிறவள். முற்றத்தில் ஆவி பறக்கும் நெல்லைக் காலால் பரப்பிக்கொண்டிருந்தாள். படத்தை வாங்காமல், நான் பிடித்திருக்க, தள்ளி நின்று பார்த்தாள்.

"இது எம் பிள்ளையா?"

"இல்லம்மா. பொதுவா ஒரு பிள்ளை."

"அந்த ரிப்பனு அவ ரிப்பனு."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிவப்பு ரிப்பன் எங்கிருந்து என் கைக்கு வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. நாலாம் வகுப்பில் இரண்டாம் வரிசையில் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

"எடுத்துடுதேன்" என்றேன். "பெரிய பிள்ளை தாவணிய எடுத்திருக்கா. அது தப்புன்னு சொல்லுதாவ. உங்களுக்கு மனசு சங்கடப்படும்னு சொல்லுதாவ."

அவள் நெல்லைப் பரப்புவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு அஞ்சு பிள்ளைகளும் மானத்தோடதான் நின்னுச்சு. நான் அதுகளக் குத்தம் சொல்லல. நானும் அப்பிடித்தான் நின்னிருப்பேன்." இரண்டு எட்டு நடந்து திரும்பினாள். "ரிப்பன மட்டும் எடுத்துருங்க டீச்சர். மத்தது இருக்கட்டும்."

ரிப்பனை எடுத்தேன். அந்தச் சிவப்பைத் தாவணி முனையின் முடிச்சுக்கு வைத்தேன். பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகிறது. ரிப்பன் இருந்தபோது அப்படி இல்லை.

படத்தின் ஒரு பிரதியை மாற்றாமலே அச்சுக்குக் கொடுத்தேன்; மூலத்தை என்னிடம் வைத்துக்கொண்டேன். திருநெல்வேலியில் இருந்த கல் அச்சகத்திலிருந்து இருநூறு படம் வந்தது. தலைவர் சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. சுருட்டை முடிப் பையன் ஒருவன், மார்பை நிமிர்த்தி, ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையால் துண்டை இழுக்கிறான். நாடகத்தில் ராஜகுமாரன் வந்து நிற்கிற மாதிரி. உட்காருகிற கட்டம் இல்லை. உட்கார்ந்தால் வீரம் தெரியவில்லை என்று எடுத்துவிட்டார்களாம். அந்த இடத்தில் 'பெரியோர் சொல் கேள்' என்று பூக்கட்டு எழுத்தில் போட்டிருந்தது.

பையனை நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. கட்டம் போனதைப் பொறுக்க முடியவில்லை. நின்று இழுக்கிறவன் இரண்டாவது பிணம். நானே விழுந்து பார்த்தவள். இந்தப் படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை நின்று இழுத்தால், அந்தச் சாவுக்குக் கோடுபோட்டவள் நான். படத்தின் மூலையில் என் பள்ளிக்கூடத்தின் பெயர் வேறு.

இருநூறு படத்தில் எண்பதோ என்னவோ ஒட்டினார்கள். மீதி இன்ஸ்பெக்டர் அலுவலக அலமாரியில் கிடந்தது. போய்க் கேட்டேன்.

"என்னத்துக்கு டீச்சர்? நீங்கதான் இந்தப் படமே ஆவாதுங்கிய."

"பின்பக்கம் சும்மாத்தானே இருக்கு."

யுத்தத்தில் வெள்ளைக் காகிதம் ஒரு தாள் கிடைப்பதே பாடு. அவர் ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். சாதுவான மனிதர். தலைவர் முன்னால் வாய் திறக்க மாட்டார். ஆனால் அணைக்கட்டின் ஓரத்தில் அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கரையில் போட்டவர்களில் அவர் ஒருவர்.

"மழைக்காலம்லா டீச்சர், கரையான் அரிச்சிட்டுன்னு எழுதிக்கிடுதேன்" என்றார். "நம்ம ஊருக் கரையானுக்கு எதுதான் ஆவாது!"

அச்சு இல்லாமல் பிரதி எடுக்க எங்களுக்குத் தெரியும். பூவேலை செய்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மூலப் படத்தின் மேல் எண்ணெய்த் தாளை வைத்து, கோடுகளின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளை குத்த வேண்டும். துளைத்த தாளைப் புதுக் காகிதத்தின் மேல் வைத்து, கரித்தூள் கட்டிய துணி மூட்டையால் தட்டினால் கீழே புள்ளிப் புள்ளியாகப் படம் இறங்கும். புள்ளிகளை மையால் சேர்த்தால் முடிந்தது. தையல் வகுப்பில் அந்த ஐவரும் ஆளுக்கொரு கட்டம் எடுத்துக்கொண்டு துளை குத்தினார்கள். தலைமையாசிரியை வந்து நின்றார். "நான் இத பாக்கல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து, இந்தக் கோட்டில் துளை இடைவெளி அதிகம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் கட்டம் உயரமானவளுடையது. தாவணி தோளைவிட்டு இறங்குகிற கோடு வந்ததும் அவள் ஊசி நின்றது.

"டீச்சர், இங்கன குத்தட்டா?"

"குத்து."

குத்தினாள். அந்தக் கோட்டில் மட்டும் துளைகள் மற்ற இடங்களைவிடப் பெரிது. இன்றைக்கும் எந்தப் பிரதியிலும் அந்த இடத்தில் கரி கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது.

பத்தொன்பது படம் செய்தோம். கஞ்சிப்பசை போட்டு நாங்களே ஒட்டினோம். தென்காசிப் படித்துறை மண்டபம், ஆய்க்குடியில் ஒரு பள்ளிக்கூடச் சுவர், சுந்தரபாண்டியபுரத்தில் குளத்து மடைக்குப் பக்கத்து அறை, குற்றாலத்தில் பெண்கள் உடைமாற்றுகிற மறைப்பு. எல்லா இடத்திலும் அந்தச் சுருட்டை முடிப் பையன் பின்பக்கம் இருக்கிறான்; முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

அதற்குள் தலைவர் காதுக்குப் போயிற்று. நிர்வாகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வந்தது. அனுமதியில்லாமல் ஏன் செய்தாய் என்று. பதில் எழுதினேன். நாலரை முழம், ஆறு முழம், நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. இந்த மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கீழே, உட்காருகிற கட்டத்தை அச்சில் சேர்த்தால் என் படங்களை நானே கழற்றிவிடுகிறேன், பெண்ணை மாற்ற மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை எந்த இடத்தில் சேர்க்கலாம் என்று தலைமையாசிரியை தேடிப் பார்த்தார். இடம் இல்லை.

இதன் பிறகு நடந்தது ஒரே ஒரு காரியம். அதைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன். ஒரு மாலை நான் படித்துறைக்கு மேலே நின்று படத்தின் முனையில் பசை தடவிக்கொண்டிருந்தேன். கீழே பெண்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய பித்தளைக் குடமோ நழுவி, காலியாக மிதந்து, கசத்தைச் சுற்றிப் பாறைப் பக்கம் போயிற்று. "ஐயோ குடம், குடம்!" என்று சத்தம். ஐவரில் உயரமானவள் அங்கே நின்றாள். படியில் நின்றபடியே தோளுக்குக் கையைக் கொண்டுபோனாள். பிடித்துக்கொள்ள அல்ல. உருவினாள், முடிச்சிட்டாள், முக்கினாள், வீசினாள். இரண்டு தடவை தவறியது. மூன்றாவது வீச்சில் முடிச்சு குடத்தின் கழுத்தைத் தாண்டி விழுந்தது. உட்கார்ந்தாள். குடம் தலையாட்டிக்கொண்டே கரைக்கு வந்தது.

மேல் படியிலிருந்து ஒரு பெரிய மனுஷி கேட்டாள்: "ஏட்டி, மேல துணி எங்கட்டி?"

"கொடத்துக் கழுத்துல கெடக்கு அத்தை. வேணும்னா நீங்க போயி எடுத்துக்குடுங்க."

பெண்கள் சிரித்தார்கள். அவள் துணியைப் பிழிந்து ஈரத்தோடு மேலே போட்டுக்கொண்டாள். தன் குடத்தை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். ரோட்டில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

குடம்தானே என்று பிறகு பலர் சொன்னார்கள். குடம்தான்.

இதை எழுதுகிற இன்று, பத்தொன்பது படத்தில் பதினாறு சுவரில் இருக்கின்றன. மூன்றைக் கிழித்தார்கள், துளைத் தாள் என்னிடம் இருக்கிறது, காகிதம் கிடைத்ததும் திரும்ப ஒட்டுவோம். என் விளக்கத்துக்குப் பதில் வரவில்லை. என் வேலை இன்னும் தற்காலிகம். படித்துறையில் பெயர்ந்த படியை யாரும் இன்னும் கட்டவில்லை. அடுத்த சாரலுக்கு இரண்டு மாதம் இருக்கிறது.